அந்தமான் பக்கம் ஏதாவது தெரிகிறதா? – வாசகர் கேள்வி பதில்

ஐப்பசி பிறந்தால் போதும், இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களில் பாதிக்கு மேல் மழையும் புயலும்தான். அதனால் இந்த இதழில் மற்ற கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு, வங்கக்கடலில் உருவாகலாம் என்று பேசப்படுகிற, ஆனால் இன்னும் உருவாகாத புயல்களைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். நான் வானிலை விஞ்ஞானி இல்லை. 2011 டிசம்பரில் தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டதற்குப் பிறகு, ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கும் செயற்கைக்கோள் படமும் மாடல் வரைபடமுமாக உட்கார்ந்து பார்க்கிற ஆர்வலன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

இன்னும் 15 நாளில் சென்னையைப் பெரும் புயல் தாக்கும் என்று, சிவப்பும் ஊதாவுமாக ஒரு படம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறது. அம்மா அதைப் பார்த்துவிட்டு ஊருக்குக் கிளம்பலாம் என்கிறார். நம்பலாமா?
– வாசகி, மேடவாக்கம்

நம்ப வேண்டாம், அம்மாவை நிம்மதியாக இருக்கச் சொல்லுங்கள். ஆனால் அந்தப் படம் யாரோ வரைந்த பொய்ப் படமும் இல்லை, அதுதான் இதில் சிக்கல். அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் என்ற கணினி மாடல் ஒரு நாளைக்கு நான்கு தடவை ஓடுகிறது. ஒவ்வொரு தடவையும் 384 மணி நேரம், அதாவது 16 நாள் வரைக்கும் உலகம் முழுக்கக் காற்று எப்படி வீசும், மழை எங்கே பெய்யும் என்று கணக்குப் போட்டுக் காட்டிவிடும். அந்தக் கடைசி நாட்களில் வங்கக்கடலில் புயல் வருவதும் போவதும் எங்களுக்குப் பழகிப்போன காட்சி. காலையில் ஓடியதில் (ரன் என்போம்) சென்னை, மதியம் ஒடிசா, இரவு மியான்மர், மறுநாள் பார்த்தால் கடல் வெறுமையாக இருக்கும்.

இன்றைய காற்று எப்படி இருக்கிறது என்று மாடலுக்கு நாம் கொடுக்கிற தகவலில் சின்னச் சின்னக் குறை இருக்கத்தான் செய்யும். நடுக்கடலில் அளந்து சொல்ல யார் இருக்கிறார்கள்? அந்தக் குறை நாளுக்கு நாள் பெருகிக்கொண்டே போகும். இதற்காகத்தான் ஐரோப்பிய வானிலை முன்கணிப்பு மையம் தன் மாடலைத் தொடக்க நிலையில் லேசாக மாற்றி மாற்றி 51 தடவை ஓட்டிப் பார்க்கிறது. 51-இல் மூன்று மட்டும் புயல் காட்டினால் அது ஒரு சாத்தியம், அவ்வளவுதான். நாற்பது காட்டினால், அவை காட்டுகிற இடங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், நாங்கள் மற்ற வேலையைத் தள்ளிவைப்போம்.

அடுத்த முறை அப்படி ஒரு படம் வந்தால் மூலையில் இருக்கும் மணிக்கணக்கைப் பாருங்கள். 360, 384 என்று இருந்தால் அந்தக் குழுவிலேயே சொல்லிவிடுங்கள், யாரும் பெட்டி கட்ட வேண்டாம் என்று. 96-க்குள் இருந்து மற்ற மாடல்களும் அதையே சொன்னால் அது கவனிக்க வேண்டிய விஷயம்.

புயல் உருவாவதற்கு முன்னாலேயே அதைக் கவனிக்கத் தொடங்குகிறீர்களே, அப்போது கடலில் பார்ப்பதற்கு என்ன இருக்கும்? எதை வைத்து "இது வளரும்" என்று சொல்கிறீர்கள்?
– கல்லூரி மாணவி, சிதம்பரம்

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம்.

முதலில் ஒரு மேகக்கூட்டம். அவ்வளவுதான் இருக்கும். தாய்லாந்து வளைகுடாவிலோ தென்சீனக் கடலிலோ தோன்றிய ஒரு பலவீனமான சுழற்சி மலாய் தீபகற்பத்தைத் தாண்டி அந்தமான் கடலுக்குள் நுழையும். 2018-இல் வந்த கஜா புயல் அப்படி வந்ததுதான். அதற்கும் முன்னால், அந்த வாரம் வங்கக்கடல் மழைக்குத் தயாராக இருக்கிறதா என்று பார்க்க எம்ஜேஓ என்று ஒன்று உண்டு; நிலநடுக்கோட்டை ஒட்டி மேற்கிலிருந்து கிழக்காக உலகைச் சுற்றி வருகிற மேகமும் மழையும் நிறைந்த பெரிய அலை, ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 30 முதல் 60 நாள் எடுக்கும். அது இந்தியப் பெருங்கடல் பக்கம் இருக்கும்போது நமக்கு வாய்ப்பு கூடும். அதனால்தான் சில நவம்பர்களில் இரண்டு வாரம் மழை கொட்டிவிட்டு அடுத்த இரண்டு வாரம் வெயில் காய்கிறது.

அப்புறம் கடலின் சூடு. மேற்பரப்பு 26.5 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடல் பெரும்பாலும் அதற்கு மேல்தான் இருக்கும், ஆகவே நம் கடலில் சூட்டுக்குப் பஞ்சமில்லை. வேறு இரண்டு விஷயம்தான் முடிவு செய்யும். ஒன்று, விண்ட் ஷியர்: கீழே ஒரு திசையில் காற்று, மேலே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் வேறு திசையில் வேறு வேகத்தில் காற்று. சுழலுக்கு மேலே நிமிர்ந்து நிற்க வேண்டிய மேகத்தை அந்த மேல்காற்று தள்ளிக்கொண்டு போய்விடும். உடம்பு ஓரிடத்தில், தலை ஓரிடத்தில் ஆகிவிட்டால் எப்படி வளரும்? இரண்டாவது, வறண்ட காற்று. நவம்பர் கடைசி, டிசம்பரில் வட இந்திய நிலப்பரப்பிலிருந்து இறங்கி வருகிற காய்ந்த காற்று சுழலுக்குள் புகுந்தால் மேகம் கரைந்துபோகும். 2016 டிசம்பரில் நாடா புயல் கரைக்கு வருவதற்குள் வலுவிழந்து, காரைக்கால் அருகே வெறும் தாழ்வு மண்டலமாகக் கடந்தது நினைவிருக்கும். அதே மாதம் 12-ஆம் தேதி வர்தா சென்னைக்குள் வந்து என்ன செய்தது என்பதும் நினைவிருக்கும். இரண்டுக்கும் நடுவில் பத்தே நாள்.

இன்னொன்று, நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில், ஏறக்குறைய 5 டிகிரிக்குள் இருந்தால் சுழல் எளிதில் பிடிக்காது. பூமி சுழல்வதால் காற்றுக்குக் கிடைக்கிற திருப்பம் அங்கே மிகக் குறைவு. கொஞ்சம் வடக்கே ஏறட்டும் என்று காத்திருப்போம்.

பார்க்கிற வேலையைச் சொல்கிறேன். இன்சாட் செயற்கைக்கோள் படங்கள் இரவிலும் வரும், ஆனால் இரவில் வருவது வெப்பத்தை வைத்து எடுக்கிற படம். பெரிய வெள்ளை மேகம் ஒன்று தெரியும், அதன் நடுவில்தான் மையம் என்று நினைத்துத் தூங்கப் போவோம். விடிந்து, சூரிய வெளிச்சத்தில் எடுத்த முதல் படம் வந்ததும் பார்த்தால், மையம் நூறு நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி, மேலே மேகமே இல்லாமல் தனியாகச் சுழன்றுகொண்டிருக்கும். அந்த முதல் காலைப் படம் பல ராத்திரி விவாதங்களை முடித்து வைத்திருக்கிறது. அதோடு ஆஸ்காட் என்ற கருவி, ஐரோப்பிய செயற்கைக்கோளில் இருப்பது, கடல் பரப்பின் சிற்றலைகளை வைத்து அங்கே காற்று எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் வீசுகிறது என்று காட்டும். காற்றுக்குறிகள் ஒரு வட்டமாக மூடிக்கொண்டால் மையம் உருவாகிவிட்டது என்று பொருள். மேற்குப் பக்கம் மட்டும் திறந்தே இருந்தால் இன்னும் ஆகவில்லை. பல நாள் அந்தச் செயற்கைக்கோள் கடக்கிற பட்டையில் நமக்கு வேண்டிய இடம் சிக்காது, இரண்டு பட்டைகளுக்கு நடுவே விழுந்துவிடும். அன்றைக்கு வருகிற ஏமாற்றத்தைச் சொல்லி மாளாது.

மாடல்களுக்கும் நேரம் உண்டு. நம் நேரப்படி மாலை 5.30 மணி நிலவரத்தை வைத்து ஓடுகிற ரன்னில் அமெரிக்க மாடல் இரவு ஒன்பது, பத்து மணிக்கு வரும். ஐரோப்பிய மாடல் நள்ளிரவை ஒட்டி வரும். பருவமழைக் காலத்தில் ஆர்வலர்கள் கண் சிவந்து திரிவதற்கு அதுதான் காரணம்.

தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல்... இத்தனை பெயர் எதற்கு? கடலுக்குப் போகிற எங்களுக்கு இதில் எதைப் பார்த்து முடிவெடுப்பது?
– மீனவர் குடும்பம், நாகப்பட்டினம்

ஐயா, பெயர்கள் எல்லாம் சுழலுக்குள் வீசுகிற தொடர் காற்றின் வேகத்தை வைத்துத்தான். மணிக்கு 31 கி.மீ.க்குக் கீழே இருந்தால் தாழ்வுப் பகுதி, 31-ஐத் தொட்டால் தாழ்வு மண்டலம், 50-ஐத் தொட்டால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62-இல் புயல், 89-இல் தீவிரப் புயல், 118-இல் மிகத் தீவிரப் புயல், அதற்கு மேலும் இரண்டு படிகள் உண்டு. 61-க்கும் 62-க்கும் நடுவே கோடு போட்டது நிர்வாக வசதிக்கு. உங்கள் படகுக்கு அந்த ஒரு கிலோமீட்டரில் எந்த வித்தியாசமும் தெரியாது.

நீங்கள் புயல் என்ற சொல்லுக்குக் காத்திருக்கவே கூடாது. 2017-இல் ஒக்கி நவம்பர் 29-ஆம் தேதி தாழ்வு மண்டலம், மறுநாள் காலையில் கன்னியாகுமரிக் கடலில் புயல். அதற்குள் எத்தனையோ படகுகள் ஆழ்கடலில் இருந்தன, கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் எத்தனை வீடுகளில் இன்றைக்கும் ஒரு படம் மாலையோடு தொங்குகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆழ்கடலுக்குப் போகிற படகு திரும்பி வருவதற்கே நாள் கணக்கில் ஆகும் என்பதால், அந்தமான் பக்கமோ இலங்கைக்குத் தெற்கிலோ தாழ்வுப் பகுதி உருவாக வாய்ப்பு என்று முதல் அறிவிப்பு வந்த நாளிலேயே கணக்குப் போடுங்கள். துறைமுகத்தில் 1-ஆம் எண் கூண்டு ஏற்றினால் தூரத்தில் ஏதோ இருக்கிறது என்று பொருள். 3-க்கு வந்தால் உங்கள் துறைமுகத்துக்கே எச்சரிக்கை. கூண்டு ஏறும்போது நீங்கள் ஏற்கெனவே கரையில் இருக்க வேண்டும்.

2024-இல் ஃபெஞ்சல் வந்தபோது புயல் வரும் என்றார்கள், வராது என்றார்கள், பிறகு வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். ஒரு புயலைக் கூடவா சரியாகக் கணிக்க முடியாது?
– வாசகர், புதுச்சேரி

உங்கள் கோபம் நியாயம். அந்த வாரம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் என்பதால் நடந்ததைச் சொல்கிறேன்.

நவம்பர் 25, 26 தேதிகளில் இலங்கைக்குக் கிழக்கே அது தாழ்வு மண்டலமாகி, ஆழ்ந்த தாழ்வு மண்டலமும் ஆகிவிட்டது. புயலாகப் போகிறது என்று எல்லோரும் காத்திருந்தோம். ஆகவில்லை. இலங்கையை ஒட்டியே நகர்ந்தது, நிலம் ஒரு பக்கம் உரசியது, மேல்காற்று மேகத்தைக் கலைத்தது. நகர்வதோ மிக மெதுவாக. நடக்கிற வேகத்தில் சில நேரம். 28-ஆம் தேதி வாக்கில், இது புயலாகாமல் ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடக்கும் என்ற கருத்து வலுத்துவிட்டது. அன்றைய படங்களைப் பார்த்த எனக்கும் அப்படித்தான் தோன்றியது. 29-ஆம் தேதி பிற்பகல், கரைக்குக் கொஞ்ச தூரத்தில், மையத்தின் மேலே மேகம் மறுபடி திரண்டது. புயல் என்று அறிவித்துப் பெயரும் வைத்தார்கள். 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கடந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உங்கள் வீட்டுக்குள் வந்த தண்ணீர். வழக்கமாகக் கரையேறிய புயல் உள்ளே நகர்ந்து கலையும். இது புதுச்சேரியை ஒட்டியே மணிக்கணக்கில் நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் உயர் அழுத்தம் இருந்தால் நடுவில் இருக்கிற சுழலைத் தள்ளுவதற்குக் காற்று இருக்காது, அது பாட்டுக்கு நிற்கும், கடலிலிருந்து ஈரத்தை இழுத்து ஒரே இடத்தில் கொட்டும். 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 48 செ.மீ.க்கு மேல், மயிலத்தில் சுமார் 50 செ.மீ. பிறகு சாத்தனூர் அணை நிரம்பித் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து விழுப்புரம், கடலூர் ஊர்களை மூழ்கடித்தது வேறு.

புயலா இல்லையா என்று நாடே பேசிக்கொண்டிருந்த அந்த நான்கு நாளும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, இது எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பதுதான். ஆர்வலர்களாகிய நாங்களும் பெயருக்காகக் காத்திருந்து அதில் கவனத்தைச் செலவழித்தோம், இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். காற்றின் வேகத்தில் 61-ஆ 62-ஆ என்பது மழைக்குத் தெரியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் சென்னையில் கரையைக் கடக்கவே இல்லை, ஆந்திராவில் பாபட்லா அருகே போய்த்தான் கடந்தது. ஆனால் போகிற வழியில் சென்னைக்கு வெளியே கடலில் மெதுவாக ஊர்ந்துகொண்டே நகரத்தை மூழ்கடித்துவிட்டுப் போனது.

ஆகவே இனிமேல் ஒரு சுழல் உருவாகிறது என்று கேள்விப்பட்டால், என்ன வகுப்பு என்று கேட்பதற்கு முன்னால் என்ன வேகத்தில் நகர்கிறது என்று கேளுங்கள். மணிக்கு 5, 6 கி.மீ. என்றால், அது தாழ்வு மண்டலமாகவே இருந்தாலும், தரைத்தளத்தில் இருக்கிற பொருளை மேலே ஏற்றுங்கள்.

கஜா வந்தபோது முதலில் எங்களைப் பற்றி யாரும் பேசவே இல்லை. சென்னை, சென்னை என்றே டிவியில் சொன்னார்கள். கடைசியில் தென்னை எல்லாம் எங்களுடையது போயிற்று. புயல் உருவாகும்போதே எங்கே கடக்கும் என்று சொல்ல முடியாதா?
– தென்னை விவசாயி, பேராவூரணி

முடியாது, ஐயா. மையம் உருவாகாதவரை எந்த மாடலாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாதபோது எங்கே முடியும் என்று கோடு போட முடியாதில்லையா? தொடக்கப் புள்ளி நூறு கிலோமீட்டர் வடக்கே உருவானால் முடிகிற இடமும் அதற்கேற்ப மாறும். 2018 நவம்பரில் கஜாவுக்கு முதல் அறிவிப்புகள் கடலூருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் நடுவே என்றுதான் இருந்தன. பிறகு கடலூருக்கும் பாம்பனுக்கும் நடுவே என்று தெற்கே இறங்கின. 16-ஆம் தேதி அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கடந்தது. கடைசி இரண்டு மூன்று நாள் அறிவிப்புகளைப் பின்தொடர்ந்தவர்களுக்கு அது டெல்டாவுக்குத்தான் என்று தெரிந்துவிட்டது. முதல் நாள் கேட்ட "சென்னை" என்ற சொல்லோடு நின்றுவிட்டவர்கள்தான் அதிகம், அதில் தொலைக்காட்சிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. தலைநகரத்தில் பார்வையாளர்கள் அதிகம் என்பதற்காகக் கடற்கரை முழுவதற்குமான செய்தியைச் சென்னைச் செய்தியாக்குவது தவறு, இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

வரைபடத்தில் புயல் போகும் பாதை என்று போட்ட கோட்டைச் சுற்றிக் கூம்பு போல ஒரு பரப்பு வரைந்திருப்பார்கள். கோட்டைப் பார்க்காதீர்கள், கூம்பைப் பாருங்கள். உங்கள் ஊர் கூம்புக்குள் ஓரமாக இருந்தாலும் உள்ளேதான். அப்போதே இளநீரையும் முற்றிய காயையும் இறக்கிவிடலாம், மரத்தின் தலைப்பாரமாவது குறையும். வேரோடு சாய்ந்த மரத்துக்கு இது ஆறுதல் ஆகாது என்று தெரியும்.

முரசு என்று ஒரு புயலுக்குப் பெயர் வைக்கப்போவதாகக் கேள்விப்பட்டோம். உண்மையா?
– வாசகி, திருநெல்வேலி

உண்மை. வட இந்தியப் பெருங்கடலை ஒட்டிய 13 நாடுகள் ஆளுக்கு 13 பெயர் கொடுத்து, மொத்தம் 169 பெயர் கொண்ட பட்டியல் 2020-இல் வந்தது. இந்தியா கொடுத்த பெயர்களில் முரசு, நீர் இரண்டும் தமிழ்க் காதுக்குத் தெரிந்தவை. கஜா இலங்கை கொடுத்தது, வர்தா பாகிஸ்தான்; இரண்டும் அதற்கு முந்தைய பட்டியலில் இருந்தவை. இந்தப் பட்டியலில் மிக்ஜாம் மியான்மர் கொடுத்தது, ஃபெஞ்சல் சவூதி அரேபியா. வரிசைப்படிதான் வரும், எந்தக் கடற்கரைக்குப் போகிறது என்று பார்த்து வைப்பதில்லை.

ரெட் அலர்ட் என்கிறார்கள், மழையே இல்லை. இனி வானிலை மையம் சொல்வதைக் கேட்பதா, முகநூலில் எழுதும் ஆர்வலர்களைக் கேட்பதா?
– வாசகர், வேளச்சேரி

நீங்கள் 2024 அக்டோபரைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 15-ஆம் தேதி நல்ல மழை, 16-க்குச் சிவப்பு எச்சரிக்கை, மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை நிறுத்தினீர்கள், தாழ்வு மண்டலம் கொஞ்சம் வடக்கே விலகியதும் மழை குறைந்துவிட்டது. பலர் அந்தக் கார் வரிசையைக் கேலி செய்தார்கள். நான் செய்யமாட்டேன். அதற்கு முந்தைய டிசம்பரில்தான் மிக்ஜாமில் உங்கள் கார்கள் மிதந்தன. அன்று மழைப்பட்டை இன்னும் தெற்கே இறங்கியிருந்தால் மறுபடி மிதந்திருக்கும். நீங்கள் செய்தது சரி, அடுத்த தடவையும் அதையே செய்யுங்கள்.

யாரைக் கேட்பது என்பதற்கு என் பதில்: வீட்டைக் காலி செய்வது, கடலுக்குப் போகாமல் இருப்பது, பள்ளிக்கு விடுமுறை, இந்த மாதிரி முடிவுகளுக்கு வானிலை மையம் மட்டும்தான். எச்சரிக்கை கொடுக்கிற பொறுப்பும் அதற்குப் பதில் சொல்கிற கடமையும் அவர்களுக்குத்தான் இருக்கிறது. துறைமுகத்திலும் காரைக்காலிலும் இருக்கிற ரேடார்கள் அவர்களுடையவை, நாங்கள் எல்லோரும் பார்ப்பதே அந்தப் படங்களைத்தான். தொலைக்காட்சியில் வானிலை மைய இயக்குநராக இருந்த ரமணன் வந்து சொன்னதற்குக் காத்திருந்த காலம் போய், இன்று பிரதீப் ஜான் மாதிரியான ஆர்வலர்கள் முகநூலில் எழுதுவதை லட்சக்கணக்கானோர் படிக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் உண்டு. எங்கள் தெருவுக்கு எத்தனை மணிக்கு மழை, ஏன் நேற்று வரவில்லை என்று புரிகிற தமிழில் யாராவது விளக்க வேண்டும் என்று மக்கள் ஏங்கினார்கள். அந்த விளக்கத்துக்கு நல்ல ஆர்வலரைப் படியுங்கள். நல்ல ஆர்வலர் யார் என்றால், தன் கணிப்பு தப்பியபோது அந்தப் பதிவை அழிக்காமல் ஏன் தப்பியது என்று எழுதுகிறவர். "வரலாறு காணாத", "அழிவு உறுதி" என்றெல்லாம் தலைப்பு வைக்கிற யூடியூப் ஆட்களை விட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். டெல்லி வானிலைத் தலைமையகம் தினமும் வெளியிடும் வெப்பமண்டல வானிலை அறிக்கையில், அடுத்த ஏழு நாளில் ஒவ்வொரு நாளும் வங்கக்கடலிலும் அரபிக்கடலிலும் தாழ்வு மண்டலம் உருவாக வாய்ப்பு இல்லையா, குறைவா, மிதமா, அதிகமா என்று தனித்தனியாகக் குறிப்பிடுவார்கள். பரபரப்பே இல்லாத ஒரு தாள். அதைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டால் வாட்ஸ்அப் படங்கள் உங்களைத் தொந்தரவு செய்யாது. அவசரத்துக்கு மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077.

உங்கட பக்கம் எல்லாரும் புயல் தமிழ்நாட்டுக்கு வருமா என்று மட்டும்தான் கதைக்கிறீர்கள். எங்களைக் கடந்துதானே வருகுது?
– வாசகர், யாழ்ப்பாணம்

சரியான குட்டு. 2020-இல் புரெவி புயல் திருகோணமலை அருகே ஏறி, வடக்கைக் கடந்துதான் மன்னார் வளைகுடாவுக்கு வந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் உங்கள் நாட்டுக்குச் செய்தது இந்தத் தலைமுறைக்கு மறக்காது. காற்றின் வேகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அது புயல் வரிசையின் கீழ்ப்படிதான். மலையகத்தில் சரிந்த மண்ணுக்குக் காற்றின் வேகம் ஒரு பொருட்டே இல்லை. மலையில் மோதி மேலேறுகிற ஈரக்காற்று அங்கேயே கொட்டியது, சரிவுகள் ஊறி இறங்கின. அந்த நாட்களில் இங்கே பல பதிவுகள் இலங்கையைக் கடந்ததும் எங்கே திரும்பும் என்றே பேசின, அங்கே மக்கள் மண்ணுக்குள் இருந்தபோது. அதைப் படித்தவர்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று புரிகிறது. இந்தப் பக்கத்தில் இனி அப்படி நடக்காது.

நான் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் ஊர் கடலிலிருந்து ரொம்ப தூரம். எனக்கும் வானிலை ஆர்வலர் ஆக வேண்டும், எங்கே தொடங்குவது, அண்ணா?
– மாணவன், அரூர்

தம்பி, தூரம் என்று நினைக்காதே. ஃபெஞ்சல் கரையேறி உள்ளே வந்த பிறகு, 2024 டிசம்பர் தொடக்கத்தில், உன் ஊருக்குப் பக்கத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. பெய்தது. கடற்கரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே!

மாடல் எல்லாம் அப்புறம். முதலில் மழையை அள. அடியும் வாயும் ஒரே அகலமாக, பக்கம் நேராக, அடி தட்டையாக இருக்கிற ஒரு டப்பா எடு. மரமும் சுவரும் தள்ளி இருக்கிற திறந்த இடத்தில், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், சாயாமல் வை. தினமும் காலை 8.30-க்கு ஸ்கேலை விட்டு எத்தனை மில்லிமீட்டர் என்று பார், தேதி போட்டு நோட்டில் எழுது, தண்ணீரைக் கொட்டிவிட்டுத் திரும்ப வை. ஏன் 8.30 என்றால், நாடு முழுவதும் வானிலை நிலையங்களில் அந்த நேரத்துக்குத்தான் முந்தைய நாளின் மழையைக் கணக்கெடுக்கிறார்கள். உன் அளவை அவர்கள் அளவோடு நேராக ஒப்பிடலாம். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். உன் வீட்டு மொட்டை மாடி எத்தனை சதுர மீட்டர் என்று அளந்துகொண்டால், ஒரு ராத்திரி மழையில் எத்தனை குடம் இறங்கியது என்று நீயே சொல்லிவிடுவாய். மழை இல்லாத நாளிலும் பூஜ்யம் என்று எழுத வேண்டும், விடக்கூடாது.

கூடவே காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று எழுது. வடகிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்த காற்று வடக்குக்கும் பிறகு வடமேற்குக்கும் திரும்பினால், உனக்குக் கிழக்கே கடலில் ஏதோ சுழல்கிறது என்று உன் வீட்டு வாசலிலேயே தெரிந்துவிடும். அன்றைக்குச் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து பார், நீ நினைத்த இடத்தில் இருக்கிறதா என்று.

மார்கழி பிறந்ததும் அந்த நோட்டைப் படம் எடுத்து அனுப்பு. ஊத்தங்கரைப் பக்கத்தில் யாராவது இதே மாதிரி எழுதி வைத்திருந்தால் அவர்களும் அனுப்பலாம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுகிறேன்.